கலியாண வீட்டில் தொலைந்த வரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. அங்கே நான் அக்கா. அந்த அக்கா பட்டம் ஒரு வாரத்துக்குள் ஆட்டம் கண்ட கதை இது. சொல்லத் தொடங்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

எங்கள் அலுவலகம் மட்டக்களப்பு நகரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஒரே அறை, மூன்று மேசை. ஜன்னலைத் திறந்தால் வாவி. பத்து மணிக்குக் கீழேயிருந்து பாண் வாசம் ஏறி வரும்; அந்த நேரத்தில் யாராலும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. மேலாளர் கொழும்பில் இருக்கிறார், கணினித் திரையில் மட்டும் வருவார். மற்றபடி நாங்கள் மூன்று பேர்தான். காத்தான்குடியிலிருந்து வரும் நானா; அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், எதற்கும் பதறாதவர். அடுத்தது நான். மூன்றாவது, வாழைச்சேனையிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் ஒரு பெண்பிள்ளை. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவள் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் முடியப் போகிற நேரம். அந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் முடிவு சொல்ல வேண்டும்.

அவளுக்கு அது சின்ன விசயம் இல்லை. "இஞ்ச சரிவராட்டிக் கட்டாருக்குத்தான் அக்கா. பெரியம்மா எல்லாம் பேசி வச்சிரிக்கா," என்று ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி சொன்னாள். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலையாம். கணினிப் பட்டத்தைச் சட்டம் போட்டு வாழைச்சேனையில் மாட்டிவிட்டுப் போவாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் என் பெட்டியை மூடி வைத்தேன்.

எங்கள் வேலை இதுதான். தூரத்துக் குளிர் நாடு ஒன்றில் பல் வைத்தியர்களின் நிலையங்கள் சில இருக்கின்றன. பல் காட்ட வருகிறவர்களுக்கு, 'உங்கள் முறைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது' என்று கைபேசிக்குத் தகவல் அனுப்புகிற மென்பொருளை நாங்கள் எழுதிப் பராமரிக்கிறோம். அந்த நாட்டில் ஒரு வினோதம். வருடத்தில் இரண்டு தரம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிவிடுகிறார்கள். சூரியன் சொன்னபடி நடக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வினோதத்துக்காகவே எங்கள் மென்பொருளில் ஒரு வரி இருந்தது. கடிகாரம் தள்ளப்பட்டால் நாமும் தள்ள வேண்டும் என்று சொல்கிற ஒரேயொரு வரி.

பங்குனி மாதக் கடைசியில் அங்கே கடிகாரத்தைத் தள்ளினார்கள். எங்கள் மென்பொருள் தள்ளவில்லை. பத்து மணிக்கு வர வேண்டியவருக்குப் பத்து மணிக்கே, 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது' என்று தகவல் போயிருக்கிறது. ஒருவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது சட்டைப்பைக்குள் கைபேசி கூவியதாம். அவர் பாக்கியசாலி. மற்றவர்கள் வீட்டில் ஆறுதலாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை காலை மேலாளர் திரையில் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. "யார், எப்போது, எப்படி என்று வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்லுங்கள்," என்றார்.

அந்த வரி தொலைந்திருந்தது. யார் எடுத்தார்கள்?

எங்கள் வேலையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து முடித்ததும், அதை யார் செய்தார், எப்போது செய்தார், எதற்காகச் செய்தார் என்று ஒரு குறிப்போடு முத்திரை போட்டு வைப்போம். அதற்குக் கமிட் என்று பெயர். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தியது எது என்று தெரிந்து வைத்திருக்கும். அப்படியே பிடித்துக்கொண்டு பின்னால் போனால் முதல் நாள் வரைக்கும் போகலாம். கிட் என்ற கருவி இதையெல்லாம் காக்கிறது. அதில், ஒரு கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரைக் காட்டும் கட்டளையும் இருக்கிறது. அதன் பெயரே பிளேம். பழி என்று வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

நான் பிளேம் போட்டேன். அந்த வரி இருந்த இடத்துக்கு மேலும் கீழும் எல்லா வரியிலும் தங்கச்சியின் பெயர்.

என் வாய் எப்போதும் எனக்கு முந்திவிடும். "கண்ண எங்க வச்சிட்டுகா வேல செய்யிற நீ?" என்று நானாவுக்கு முன்னால் கேட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் 'கா', வேறு ஊர்களின் 'டீ' மாதிரி. அவள் திரையைப் பார்த்தாள். தன் பெயரை வரிவரியாகப் பார்த்தாள். எழும்பிப் போய் மாடிப்படியில் நின்றாள். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. பின்னேரம் போகும்போது தன் தேநீர்க் கோப்பையைக் கழுவி, கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அதைக் கண்டதும் அவள் போகத் தயாராகிறாள் என்று விளங்கியது.

"புள்ள, நீங்க பிளேமை மட்டும் பாத்துட்டுக் கதைச்சிட்டீங்க," என்றார் நானா, அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு. "அந்தப் புள்ள தை மாசம் கோப்பு முழுக்க இடைவெளி ஒழுங்காக்கினதுதானே? எல்லா வரிலயும் அதுட பேர்தான் இரிக்கும். வரிய எடுத்தது அதுதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் சொன்னது சரி. வீட்டைப் பெருக்கியவளைப் பிடித்து, நகை எங்கே என்று கேட்டது போல இருந்தது என் வேலை. அன்றிரவு கோபமெல்லாம் என் பக்கமே திரும்பியது.

வியாழக்கிழமை விடியவே போய்விட்டேன். எட்டு மணிக்கெல்லாம் இடியும் மின்னலுமாக மழை பிடித்து, இணையம் செத்துவிட்டது. வேறு வேலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கிட்டில் ஒரு நல்ல குணம். முழு வரலாறும் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை, எங்கள் மூன்று மடிக்கணினியிலும் ஒவ்வொரு பிரதி முழுசாக இருக்கும். வெளியுலகம் அறுந்து போனாலும் முதல் நாள் வரை நடந்து போய் வரலாம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

நானூறு கமிட்டுக்கு மேல் இருந்தன. மார்கழியில் அந்த வரி வேலை செய்தது நிச்சயம். இன்று இல்லை. நடுவில் எங்கோ உடைந்திருக்கிறது. வட்டையில், அதாவது வயல்வெளியில், கடைசி வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலை அடியிலிருந்து நுனி வரை யாரும் தடவிக்கொண்டு போக மாட்டார்கள். நேரே நடுவுக்குப் போய்ப் பார்ப்பார்கள். அங்கே தண்ணீர் ஓடினால் உடைப்பு கீழே, ஓடாவிட்டால் மேலே. பிறகு அந்தப் பாதியின் நடு. கிட்டிலும் அப்படியே செய்யலாம். நடுக் கமிட்டுக்குத் தாவி, கணினிக் கடிகாரத்தைத் தள்ளி வைத்து, தகவல் சரியான நேரத்துக்குப் போகிறதா என்று பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று சொன்னால், அடுத்த நடுவுக்கு அதுவே கூட்டிப் போகும். நானூறை ஒன்பது தாவலில் முடித்துவிடலாம்.

அந்த ஒன்பது தாவலும் எனக்கு இவ்வளவு சந்தோசம் தரும் என்று நினைக்கவில்லை. எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. குறிப்பின் முதல் வரி மேலாளருக்கு, ஆங்கிலத்தில், மரியாதையாக. இரண்டாவது வரி எங்களுக்கு. அன்றைக்கு என்ன நடந்ததோ அது. மேலாளர் இரண்டாம் வரியைத் திறந்து பார்ப்பதே இல்லை.

முதல் தாவலில் மாசி மாதத்தில் போய் விழுந்தேன். நானா எழுதியிருந்தார்: 'இன்டைக்கு மழ. உம்மா இடியப்பம் தந்து விட்டா. மூணு பேருக்கும் காணும்.' அந்த இடியப்பத்தின் சொதி என் நாக்குக்கே வந்தது. கமிட் மட்டும் கெட்டது. பின்னுக்குத் தாவினேன். மார்கழிக் கடைசி, நான் எழுதியது: 'மண்டூரில் மாமி வீட்டில் இருந்து. நெட் இல்லை, மயில் இருக்கு.' நல்லது. முன்னுக்கு. தங்கச்சியின் குறிப்பு: 'பஸ்ஸில இருந்துதான் வேலை செய்தன். சீட் கிடைச்சது.' கெட்டது. அந்தச் 'சீட் கிடைச்சது' என்ற இரண்டு சொல்லில் எவ்வளவு மகிழ்ச்சி! இந்தப் பிள்ளையையா அப்படிக் கேட்டேன் என்று நினைக்க நெஞ்சு சுட்டது. இன்னொரு தாவல், இன்னொரு நாள். மூன்று மாதத்தை நாங்கள் இவ்வளவு கலகலப்பாக வாழ்ந்திருக்கிறோம் என்று அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நானா வந்து ஈரக்குடையை மடித்து வைத்துவிட்டு என் பின்னால் நின்று வாசித்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தேடினோம்.

தங்கச்சியும் வந்தாள். எங்கள் சிரிப்பைப் பார்த்தாள். தன் மேசையில் இருந்தாள். சிரிக்கவில்லை.

ஒன்பதாவது தாவலில் கிட் நின்றது. முதன்முதலில் கெட்டது இந்தக் கமிட் என்று காட்டியது. அது ஒரு மேர்ஜ்.

மேர்ஜ் என்றால் இதுதான். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்த வேலையை ஒன்றாகச் சேர்க்கும்போது, அந்தக் கமிட்டுக்கு மட்டும் முந்தியவை இரண்டு, அதாவது இரண்டு பெற்றோர் இருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் முதலாவதைத் தாய் என்போம், இரண்டாவதைத் தகப்பன் என்போம். வேறு ஊர்களில் எப்படியோ தெரியாது. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வருவது, காத்தான்குடியிலும் அப்படித்தான். அதனால் முதலிடம் தாய்க்கு என்பதில் எங்களுக்குள் விவாதமே வந்ததில்லை. இந்த மேர்ஜில் தாய்ப் பக்கம், தகவலின் வாசகத்தை நானா திருத்தியிருந்தார். தகப்பன் பக்கம், தங்கச்சி இடைவெளிகளை ஒழுங்காக்கியிருந்தாள்.

தாயிடம் போய்ப் பார்த்தேன். தொலைந்த வரி அங்கே பத்திரமாக இருந்தது. தகப்பனிடம் போனேன். அங்கேயும் இருந்தது. பிள்ளையிடம் மட்டும் இல்லை.

நானா தாடியைத் தடவினார். "உம்மாவும் நல்லம், வாப்பாவும் நல்லம். அப்ப பிழை கலியாண வீட்டிலதான் நடந்திரிக்கு." பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார். "கலியாணத்த முடிச்சு வச்சது ஆரு புள்ள?"

பெயரைப் பார்த்தேன். என்னுடைய பெயர். குறிப்பின் இரண்டாவது வரியைப் பார்த்தேன். 'அவசரம். நண்டு காத்திருக்கு.'

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். அத்தான் பனிச்சங்கேணியிலிருந்து நண்டு கொண்டு வந்திருந்தார், ஒவ்வொன்றும் என் கையளவு. என் அக்கா மூன்று தரம் அழைத்தாள். மூன்றாம் தரம், "வாறியா, இல்லாட்டி நாங்க தொடங்கட்டா?" என்றாள். அந்த நேரம் மேர்ஜ் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால், எதை வைப்பது என்று கேட்டு, கிட் அங்கே சில அடையாளக் கோடுகளைப் போட்டு வைக்கும். நாம் வேண்டியதை வைத்துக்கொண்டு கோடுகளை அழிக்க வேண்டும். நான் கோடுகளை அழித்தேன். நண்டு நினைப்பில் அதற்குக் கீழே இருந்த வரியையும் சேர்த்து அழித்தேன். ஓடிப் போனேன். கறி அருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காகக் குளிர் நாட்டில் எத்தனை பேருக்குப் பல்வலி நீண்டதோ!

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு சின்னப் புத்தி வேலை செய்தது. வரலாற்றைத் திருத்தி எழுதவும் கிட்டில் வழி இருக்கிறது. ஒரு நிமிடம் விரல் துறுதுறுத்தது, மறைக்க மாட்டேன். திருத்தியும் பயனில்லை. என் மடிக்கணினியில் அழித்தாலும் மற்ற இரண்டிலும் அந்த நண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். வெட்கமாகப் போய்விட்டது.

எழும்பித் தங்கச்சியின் மேசைக்குப் போனேன். "பிழை என்ரதுகா. நான்தான் அழிச்சிரிக்கன். நேத்துக் கேட்ட கேள்விக்கு என்ன மன்னிச்சிரு," என்றேன். இப்படி ஒருவரிடம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் வாய்விட்டுச் சிரிப்பாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. "ஓம் அக்கா," என்றாள், கீழே பார்த்துக்கொண்டு. மத்தியானம் அவள் சாப்பாடும் பாதியோடு நின்றது. இவளுக்கு இன்னும் மனவருத்தம் போகவில்லை, நாளைக்குக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இணையம் திரும்பியிருந்தது. மேலாளர் திரையில் வந்தார். நான் காத்திருக்கவில்லை. "சேர், வரியை அழித்தது நான். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், மேர்ஜ் செய்யும்போது. இந்தப் பிள்ளைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை," என்றேன். நண்டைச் சொல்லவில்லை. நானா இருமினார், அதனால் நண்டையும் சொன்னேன். மேலாளரின் உதடு ஒரு பக்கம் இழுபட்டது. "சரி. அப்படியென்றால் தங்கச்சியின் விசயத்தில் தடை ஒன்றும் இல்லை. திங்களிலிருந்து…"

"சேர், ஒரு நிமிசம்," என்றாள் தங்கச்சி.

எழும்பி நின்றுவிட்டாள், வகுப்பில் நிற்பது போல.

"அந்த மேர்ஜைப் பாத்து ஓகே போட்டது நான் சேர். அந்த வரி இல்லாமப் போனதக் கண்டனான். கண்டுட்டுத்தான் ஓகே போட்டன்."

எங்கள் ஒழுங்கு அப்படி. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது சேரும். ஆனால் யார் சரி சொன்னார் என்பது கிட்டின் வரலாற்றில் இருக்காது. அது இணையத்தளத்தில் வேறாக இருக்கிறது, வியாழக்கிழமை இணையமோ செத்துக் கிடந்தது. நான் தேடிய நானூறு கமிட்டில் ஒன்றில்கூட அவள் கண்டது பதிவாகியிருக்கவில்லை. அவள் சொல்லாவிட்டால் யாரும் தேடியிருக்கவும் மாட்டார்கள். கையில் வந்த வேலையை, திங்கட்கிழமையை, வாழைச்சேனையில் இருந்துகொண்டே உழைக்கும் வாழ்க்கையை, அந்த ஒரு வாக்கியத்தால் அவளே மேசையில் எடுத்து வைத்துவிட்டாள். "நீ ஏன்கா…" என்று தொடங்கினேன். மேலாளர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"கண்டீர்கள் என்றால் ஏன் கேட்கவில்லை?"

"அக்கா செய்தா சரியாத்தான் இரிக்கும் எண்டு நினைச்சன் சேர். மறுகா…" என்னை ஒரு தரம் பார்த்தாள். "மறுகா, அக்காட்டப் போய் இது ஏன் எண்டு எப்பிடிக் கேக்கிற?"

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அவளில் கோபமே வரவில்லை. ஆறு மாதம் அவள் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். ஒரு கேள்வி கேட்க முடியாதபடி நான் இருந்திருக்கிறேன். கண்ணை எங்கே வைத்தாய் என்று நான் கேட்டபோது, அந்தக் கண் எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருந்திருக்கிறது.

மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நண்டு சாப்பிட்டவரும் உண்மையைச் சொல்லிவிட்டார். சாப்பிடாதவரும் சொல்லிவிட்டார்," என்றார். "தங்கச்சி, இனிமேல் கண்டால் கேட்பீர்களா?"

"கேப்பன் சேர்."

"அக்காவிடமும்?"

அவள் தயங்கினாள். நான்தான் கத்தினேன், "ஓம் எண்டு சொல்லுகா!" என்று. நானா மேசையில் தட்டிச் சிரித்தார். அவள் ஓம் என்றாள். திங்கட்கிழமை நிரந்தரக் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டு மேலாளர் திரையிலிருந்து போனார். அவள் அப்படியே நாற்காலியில் விழுந்து அழுதாள், அழுதுகொண்டே வீட்டுக்குப் பேசினாள். "ஓம் அம்மா. ஓம். பெரியம்மாட்டச் சொல்லுங்க, நான் போகல்ல. ஓம், போகல்ல!" வாழைச்சேனையில் ஒரு வீடே சேர்ந்து கத்தியது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. நானா கீழே போய், மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் சூடாக வாங்கி வந்தார். வாவியில் மழை ஓய்ந்து வெயில் அடித்தது. கையில் மாலுபாணோடு மூன்று பேரும் ஜன்னலில் நின்றோம். அவ்வளவு நல்ல பின்னேரத்தை நான் கனகாலம் கண்டதில்லை.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. அதே நாள், தொலைந்த வரியைத் திரும்பச் சேர்த்து, அது இனி தொலையாமல் இருக்க வேறு சில மாற்றங்களும் செய்து, பார்த்து ஓகே போடும்படி அவளுக்கு அனுப்பினேன். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் வரும் ஓகே. அரை மணி நேரம் வரவில்லை. ஒரு மணி நேரம் வரவில்லை. என் மூக்கு நுனி சுடத் தொடங்கியது. எட்டிப் பார்த்தேன். திரைக்குக் கிட்டே முகத்தை வைத்துக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி, வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் பதில் வந்தது. ஓகே இல்லை. ஐந்து கேள்விகள். 'அக்கா, இது ஏன் இப்பிடி?' என்று தொடங்கியது முதலாவது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் விறுவிறென்று பதில் எழுதினேன், கொஞ்சம் மிடுக்கோடுதான். மூன்றாவதை வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன். "மூணாவது கேள்வி சரிதான்கா. வா, ரெண்டு பேருமாப் பாப்பம்," என்றேன்.